அசையும் நிலமும் அளக்கும் வானும்

நிலம் அசைந்த செய்தியைக் கடலூர் மாவட்டம் கடலின் வழியே அறிந்தது. 2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்தில் சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடல்தரைக்கு அடியில் பாறை பிளந்து நழுவத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் சென்றபின் தேவனாம்பட்டினத்திலும் அதை அடுத்த மீனவர் ஊர்களிலும் ஆழிப்பேரலை ஏறியது. இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். மாவட்டத்தின் மேற்குப் புறத்தில், வெள்ளாற்றை ஒட்டி அமைந்த பெண்ணாடம் கடலிலிருந்து வெகுவாக உள்ளடங்கிய ஊர். அங்கே அலை வரவில்லை. இழப்பின் துயரம் மட்டுமே வந்தது.

அந்த அலையை எழுப்பியது காற்றன்று. கடல்தரை ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும், தன்மேல் நின்ற நீர் முழுவதையும் ஒரே நேரத்தில் அசைத்தது. ஆகவே, நிலம் எங்கே எவ்வளவு உயர்ந்தது, எங்கே எவ்வளவு தாழ்ந்தது என்று அறியாமல் அந்த அலையின் பிறப்பை அறிய முடியாது. பிளவு நிகழ்ந்த பகுதியோ ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி கடல். எஞ்சிய தீவுகளில் பல அடர்ந்த காடுகள். சில, மனிதர் கால்வைக்கவே தடையுள்ளவை. இத்தனை பரந்த இடத்தை அளவுகோலுடன் நடந்து அளக்க எவராலும் இயலாது. அளந்தவை செயற்கைக்கோள்கள்.

அவை அளந்த முறையைச் சொல்லுமுன் நிலம் ஏன் அவ்வாறு அசைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கே இந்தியப் புவித்தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து, தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியில் நுழைகிறது. இரு தட்டுகளும் உராயும் பரப்பு வழுவழுப்பானதன்று. நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும். அடித்தட்டு உள்ளே செல்லும்போது மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். விளிம்புக்குப் பின்னுள்ள பகுதி மெல்லப் புடைக்கும். பிடி விடும் கணத்தில் எல்லாம் தலைகீழாகும். விளிம்பு மேலே துள்ளும். புடைத்த பகுதி தாழும். உயர்ந்த நிலத்துக்கும் தாழ்ந்த நிலத்துக்கும் நடுவே, உயரவும் தாழவும் செய்யாத ஒரு கோடு இருக்கும். அந்த நிலைக்கோட்டைக் கண்டுபிடித்தால், பூமிக்கடியில் பிளவு எவ்வளவு தூரம் உட்சென்றது என்பதை உய்த்துணரலாம்.

அந்தமான் நிக்கோபார்ப் பகுதியில் இக்கோட்டை ஆரன் மெல்ட்சினர், கெரி சீ முதலிய அறிஞர்கள் செயற்கைக்கோள் படங்களையும் கடலேற்ற இறக்கக் கணக்கையும் மட்டுமே கொண்டு வரைந்தனர். 2006இல் வெளிவந்த அவ்வாய்வின் எளிமையை வியக்காமல் அதைப் படிக்க முடியாது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டுகள் உள்ளன. நீருக்கடியில் இருக்கும்போது அவை படத்தில் நீலப்பசுமையாகத் தெரியும். நீரைவிட்டு வெளிவந்தால் வெளிறித் தெரியும். ஒரு படம் எடுக்கப்பட்ட நிமிடத்தில் அவ்விடத்தில் கடல் எந்த உயரத்தில் நின்றது என்பதைத் திங்களும் ஞாயிறும் செலுத்தும் ஈர்ப்பைக் கொண்டு கணித்துவிடலாம். நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த படத்தில் நீர் வற்றி நின்றும் பாறைத்திட்டு மறைந்திருக்கிறது. பின் எடுத்த படத்தில் நீர் ஏறி நின்றும் அதே திட்டு வெளிப்பட்டிருக்கிறது. அப்படியானால் இரு நீர்மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் குறையாமல் நிலம் உயர்ந்திருக்க வேண்டும். இதன் மறுதலை தாழ்வைக் காட்டும். ஓர் இணைப்படம் தருவது எல்லை மட்டுமே. பல இணைப்படங்களைச் சேர்க்கச் சேர்க்க அவ்வெல்லை நெருங்கி அளவாகிறது.

இப்படங்களும் தரையில் எடுத்த அளவுகளும் சேர்ந்து காட்டியது என்ன? மியன்மாருக்குரிய பிரிப்பாரிசுத் தீவு தொடங்கிச் சுமத்திராவை அடுத்த சிமிலுவேத் தீவின் நடுப்பகுதி வரை நிலஉயர்வு பரவியிருந்தது. அந்தமானின் வடக்கும் மேற்கும் உயர்ந்தன. தெற்கும் கிழக்கும் தாழ்ந்தன. நிக்கோபார்த் தீவுகள் தாழ்ந்தன. போர்ட் பிளேரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்வு ஏற்பட்டது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இந்திராமுனைக் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியதால், கரையில் நின்ற அவ்விளக்கம் கடலுக்குள் நின்றது. வட சென்டினல் தீவிலோ இதற்கு மாறாக, பவளத்திட்டுகள் வெளிப்பட்டுத் தீவின் பரப்பே விரிந்தது. அத்தீவு மக்கள் வெளியாரை ஏற்பதில்லை. அங்கே செல்வதை இந்திய அரசும் தடைசெய்திருக்கிறது. அவர்களது தனிமையைக் குலைக்காமல் அவர்களது நிலத்தின் உயர்வை அறிய முடிந்ததை, இந்த அறிவியலின் பண்பட்ட செயல்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதே நாளில் வேறொரு பதிவும் நிகழ்ந்தது. கடல்மட்டத்தை அளக்கும் சேசன்-1 என்னும் செயற்கைக்கோள், நிலநடுக்கம் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் வங்கக்கடலுக்கு மேலே தற்செயலாகக் கடந்து சென்றது. நடுக்கடலில் அலையின் உயரம் அறுபது சென்டிமீட்டர் அளவே என்று அது பதிந்தது. கப்பலில் இருப்பவர் உணராமற்போகும் அந்தச் சிறு ஏற்றமே கரையின் ஆழங்குறைந்த நீரை அடைந்ததும் ஊரை விழுங்கும் உயரம் பெற்றது. அப்பதிவு ஆராய்ந்து எடுக்கப்படுமுன் அலை நம் கரையை அடைந்துவிட்டது. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் நிலநடுக்கப் பதிவிகளையும் ஆழ்கடல் அழுத்த உணரிகளையும் கொண்டு சில நிமிடங்களில் எச்சரிக்கும். செயற்கைக்கோள் படத்தின் பணி எச்சரிக்கையன்று. நடந்ததை முழுமையாக அறிந்து, இனி நடக்கக்கூடியதைக் கணிக்க உதவுவது.

இதுவரை கூறியது கண்ணுக்குப் புலனாகும் ஒளிப்படங்களைப் பற்றியது. நிலஉருமாற்ற ஆய்வைப் புரட்டிப்போட்டது ரேடார். பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் மண்ணின் சுருக்கத்தை அறிய, பச்சை மண்கட்டியில் இரு கோடுகள் கீறி இடைவெளியை அளந்துகொள்வர். சூளையில் சுட்டபின் அதே இடைவெளியை மீண்டும் அளப்பர். முதல் அளவை எடுக்கத் தவறினால் சுட்ட கட்டி எதையும் சொல்லாது. ரேடார் செயற்கைக்கோளும் நிலத்தில் இதையே செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், அது கீறுவது கோடன்று, அலை.

ரேடார் தானே அலையை அனுப்பித் தானே அதைத் திரும்பப் பெறுகிறது. எனவே இரவும் முகிலும் அதற்குத் தடையில்லை. திரும்பிவந்த அலையின் வலிமையை மட்டுமன்றி, அந்த அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும் அது பதிகிறது. சில நாள் கழித்து அதே வானிடத்துக்கு வந்து மறுபடியும் பதிகிறது. இரண்டு பதிவுகளுக்கும் இடையே நிலம் அசையவில்லையென்றால் அலைநிலை மாறாது. அசைந்திருந்தால் மாறும். ஐரோப்பாவின் சென்டினல்-1 கோளில் பயன்படும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். நிலம் கோளைவிட்டு 2.8 சென்டிமீட்டர் விலகினால், போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து 5.6 சென்டிமீட்டர் கூடும். அலைநிலை ஒரு முழுச்சுற்று மாறும். அந்த ஒரு சுற்றைப் படத்தில் ஒரு நிறப்பட்டையாகத் தீட்டுகின்றனர். பட்டைகளை எண்ணினால் நிலத்தின் நகர்வு கிடைக்கும். கோள் பறப்பதோ ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்.

இம்முறை உலகறிய வென்றது கலிபோர்னியாவில். 1992 சூன் 28 அன்று இலாண்டர்சு என்னுமிடத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை, அதற்கு முந்தைய ஆண்டு வானேறிய ஐரோப்பாவின் ஈஆர்எசு-1 முன்னும் பின்னும் பதிந்திருந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் திதியே மசொன்னேயும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட நிறப்பட்டைப் படம், பிளவைச் சூழ்ந்த நிலம் வளைந்த வடிவை ஒரே பார்வையில் காட்டியது. அதற்குமுன் நிலஅளவையாளர் நட்டுவைத்த சில கற்களின் இடப்பெயர்ச்சியைக் கொண்டே அவ்வடிவை ஊகித்து வந்தனர்.

இம்முறைக்கு இடர்ப்பாடுகளும் உண்டு. மலையும் பள்ளமும் அலைநிலையை மாற்றுவதால் அவற்றின் உயரத்தை முதலில் கழிக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி அளந்த உயரப்படம் இதற்கு உதவுகிறது. காற்றிலுள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தும். கூதிர்ப் பருவத்து வானின் கீழ் எடுத்த படம், அசையாத நிலத்தையும் அசைந்ததாகக் காட்டக்கூடும். மேலும் கோள், நிலத்தின் நகர்வில் தன்னை நோக்கிய பகுதியை மட்டுமே காண்கிறது. அது வடக்குத் தெற்காகப் பறந்து பக்கவாட்டில் நோக்குவதால், வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ நழுவும் நிலம் அதற்கு ஏறக்குறையப் புலப்படுவதில்லை. 2025 மார்ச்சு 28 அன்று மியன்மாரில் சகாயிங் பிளவு வடக்குத் தெற்காக 450 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தபோது இக்குறை வெளிப்பட்டது. அங்கே இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியது என்று தேடும் மற்றொரு முறை கைகொடுத்தது. பல மீட்டர் நழுவிய நிலத்துக்கு அந்தப் பருவெட்டான முறையே ஏற்றது.

ஆயினும் ரேடார் தந்த அறிவின் ஆழத்துக்கு நேப்பாளம் சான்று. 2015 ஏப்பிரல் 25 நிலநடுக்கத்தில் காத்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கே உயர்மலைகளின் பகுதி தாழ்ந்தது. நிறப்பட்டைகள் தெற்கே எங்கும் அறுபடாமல் ஓடியதைக் கண்ட அறிஞர், பிளவு மேற்பரப்பை எட்டவில்லை என்று அறிந்தனர். அதாவது, தெற்கேயுள்ள பிளவுப்பகுதி இன்னும் இறுகியே கிடக்கிறது. நடந்த அழிவை அளந்த படம், நடக்காமல் எஞ்சியிருப்பதையும் சுட்டியது.

நம் தீவக்குறை நிலத்துக்கு வருவோம். இங்கே புவித்தட்டுகளின் விளிம்பு இல்லை. எனவே இந்நிலம் அசையாது என்னும் எண்ணம் நெடுநாள் வேரூன்றியிருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன், ஏறத்தாழ நான்கு மணிக்கு, மராட்டியத்தின் கில்லாரியில் அவ்வெண்ணம் தகர்ந்தது. அளவில் 6.2 ஆன அந்நடுக்கம், கல்லும் மண்ணும் அடுக்கிய கனத்த சுவர்களுக்குள் உறங்கியவர்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றது. அப்பகுதி அன்றைய இந்திய வரையறைப்படி இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் வரையறை திருத்தப்பட்டபோது முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னையும் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. கில்லாரியில் நிலத்தின்மேல் தெரிந்த தடம் சிறிது. ஈஆர்எசு-1 முன்னரே பதிந்துவைத்த படங்கள் இருந்தமையால், சத்தியபாலா என்னும் ஆய்வாளர் அந்நிலத்தின் உருமாற்றத்தை ரேடார் முறையில் ஆராய்ந்து 2006இல் வெளியிட முடிந்தது. நிலநடுக்கம் நேருமென எவரும் கருதாத இடத்துக்கு முன்படங்கள் இருந்தன. அவையே பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் பேசின.

தமிழகத்திலும் நிலம் நடுங்கியிருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை உலுக்கிய நடுக்கம் அளவில் ஏறத்தாழ 6. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் எழுந்த நடுக்கம் ஏறத்தாழ 5.5; கடலூர் முதல் சென்னை வரை மக்கள் வீதிக்கு ஓடினர். அதன் பிளவு கடலுக்கடியில் இருந்ததால் ரேடார் அலைக்கு அது எட்டாது. ரேடார் நீரின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கடல்தரையை அது காண்பதில்லை. அந்தமானில் தீவுகள் இருந்ததால் நிலத்தின் வளைவு தெரிந்தது. புதுச்சேரிக் கடலில் தீவு ஏதும் இல்லை.

இனிப் பெண்ணாடத்து நிலத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் விழுப்புரம் வழியே நேராக இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூரைக் கடந்து அரியலூர் நோக்கிச் செல்கிறது. அரியலூரின் சுண்ணப்பாறைகளில் பழங்கடல் உயிரிகளின் ஓடுகள் பதிந்திருப்பதைக் குவாரித் தொழிலாளரும் அறிவர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் கடலாயிருந்த தரை உயர்ந்து நிலமானதன் சான்று அவை. ஆக, இந்நிலம் என்றும் அசையாதிருந்ததன்று. இன்று அதன்மேல் கரும்பும் நெல்லும் விளைகின்றன. ரேடாருக்கு இதுதான் தொல்லை. 5.6 சென்டிமீட்டர் அலை கரும்புத் தோகையிலேயே பட்டுத் திரும்பும். கோள் திரும்பி வரும் பன்னிரண்டு நாளில் தோகை வளரும், சாயும், வெட்டப்படும். முன்படத்தில் அலையைத் திருப்பியது ஓர் இலை. பின்படத்தில் திருப்பியது வேறொன்று. இரண்டையும் ஒப்பிடப் பொருளில்லை. படம் முழுதும் ஒழுங்கற்ற புள்ளிகளாய்ச் சிதறும்.

இதற்கு மிலான் நகரத்து அறிஞர்களான பெரெத்தி, பிராத்தி, உரோக்கா மூவரும் 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு வழி கண்டனர். வயல்வெளி முழுவதையும் நம்பாமல், ஆண்டுதோறும் மாறாமல் அலையைத் திருப்பும் புள்ளிகளை மட்டும் தேர்ந்து, நூற்றுக்கணக்கில் அல்லாவிடினும் பல பத்துப் படங்களில் அவற்றைத் தொடர்வது அவ்வழி. கல், கம்பி, காங்கிரீட் ஆகியன அத்தகைய புள்ளிகள். பெண்ணாடத்திலும் சுற்றுப்புறத்திலும் அவற்றுக்குப் பஞ்சமில்லை. அப்பரும் சம்பந்தரும் பாடிய தூங்கானைமாடத் திருக்கோயிலின் விமானம், இருப்புப்பாதை, பாலங்கள், சிமெண்டுத் தொழிலகக் கட்டடங்கள், விருத்தாசலத்துச் சூளைகள் எல்லாம் வானுக்கு நிலைத்த குறிகள். இப்புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவு நுட்பத்தில் இம்முறை தரும்.

அவ்வளவு நுட்பம் இங்கே எதற்கு என்று கேட்கலாம். கிழக்கே நெய்வேலி இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் உயரழுத்த நீர்த்தாங்கி ஒன்று உள்ளது. அதன் அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத் தரையே பொங்கிப் பிளக்கும்; எனவே சுரங்கம் தொடங்கிய நாள்முதல் இரவுபகலாக நீரை இறைக்கின்றனர். அதைச் சூழ்ந்த வயல்களும் ஆழ்துளைக் கிணறுகளால் அதே அடுக்குகளின் நீரை எடுக்கின்றன. நீரழுத்தம் குறையும்போது மணலுக்கிடையிலுள்ள களிமண் அடுக்குகள் இறுகும். மேலுள்ள நிலம் தாழும். களிமண் ஒருமுறை இறுகினால், நீர் திரும்பினாலும் பழைய பருமனுக்குப் பெரிதும் திரும்பாது. மெக்சிகோ நகரில் இவ்வாறு ஆண்டுக்கு முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் தாழும் பகுதிகள் உள்ளதை ரேடார் காட்டியது.

நிலத்தடி நீருக்கும் நிலநடுக்கத்துக்கும் உறவு உண்டா? இசுப்பானியாவின் இலோர்க்கா நகரில் 2011 மே 11 அன்று 5.1 அளவிலான நடுக்கம் ஒன்பது பேரைக் கொன்றது. அதன் நிலஉருமாற்றத்தை ரேடாரில் ஆராய்ந்த பாப்லோ கொன்சாலசு குழுவினர், பிளவு நழுவிய பாங்கு அருகிலுள்ள நீர்த்தாங்கியிலிருந்து ஐம்பது ஆண்டுகளாக நீரை எடுத்ததால் நிலத்தின் சுமை குறைந்ததோடு ஒத்துப்போவதை 2012இல் காட்டினர். அங்கே நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியிருந்தது. இலோர்க்கா, இயங்கும் பிளவொன்றின் மேல் அமைந்த நகரம். வெள்ளாற்றுப் படுகை அத்தகையதன்று. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீரை எடுப்பதும் நிலம் தாழ்வதும் பாறை நழுவுவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருக்கக்கூடும் என்று தெரிந்தபின், அமைதியான நிலத்தை அளக்காமல் விட்டுவைப்பதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. நிலம் நடுங்கிய மறுநாள் உலகின் எல்லாக் கோள்களும் அவ்விடத்தை நோக்கும். பின்படம் குறைவின்றிக் கிடைக்கும். முன்படத்தை மட்டும் பிறகு எடுக்க முடியாது.

2025 சூலை 30 மாலை சிறீஅரிகோட்டாவிலிருந்து சிஎசுஎல்வி-எப்16 ஏவுகலம் நிசார் என்னும் கோளைச் சுமந்து சென்றது. இந்தியாவின் இசுரோவும் அமெரிக்காவின் நாசாவும் இணைந்து செய்த கோள் அது.  நிசார் 747 கிலோமீட்டர் உயரத்தில் பன்னிரண்டு மீட்டர் விட்டமுள்ள வலைத்தட்டை விரித்து, உலகின் நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் பன்னிரண்டு நாளுக்கொருமுறை நோக்கும் வகையில் அமைந்தது. அது இரண்டு அலைகளைப் பயன்படுத்துகிறது: நாசா தந்தது ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுடையது, இசுரோ தந்தது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். நீண்ட அலை தோகையைக் கடந்து தரையைத் தொடும். பெண்ணாடத்துக் கரும்புக்குக் குறுகிய அலையைவிட இது பொருத்தமானது. அதன் பதிவுகள் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும்.

வானில் உள்ள கருவிக்குத் தரையில் துணை தேவை. மூன்று உலோகத் தகடுகளைச் செங்கோணத்தில் இணைத்த மூலைத்தகடு, தன்மேல் விழும் அலையை வந்த திசைக்கே திருப்பும். மின்சாரமும் வேண்டாம், காவலும் பெரிதாக வேண்டாம். கரும்புக்காட்டின் நடுவே அதை நட்டால் வானுக்கு ஒரு நிலைத்த புள்ளி கிடைக்கும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர்களும், விருத்தாசலம் அரசுக் கலைக்கல்லூரி மாணவர்களும் இப்பணியை எடுத்துக்கொள்ளத் தகுந்தவர்கள். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள இடங்காட்டி நிலையங்களின் அளவோடு ரேடாரின் அளவை அவர்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். தகடுகளை நடும் வரிசை இது: முதலில் நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்கள், பின் விருத்தாசலம் முதல் பெண்ணாடம் வரை இருப்புப்பாதையை ஒட்டிய நிலம், அதன்பின் கடற்கரை. குறுகிய அலைக்கு ஒரு மீட்டர் அளவுள்ள தகடு போதும். நிசாரின் நீண்ட அலைக்கு அதைவிடப் பெரிது வேண்டும். இப்பகுதியின் கரிசல் மழையில் ஊதிக் கோடையில் வெடிக்கும் மண்ணாதலால், தகட்டின் அடித்தளத்தை அம்மண்ணுக்குக் கீழே உறுதியான அடுக்குவரை இறக்கிக் கட்ட வேண்டும். இல்லையேல் கோள் அளப்பது நிலத்தின் தாழ்வையன்று, கரிசலின் ஊதலையே.